அரசு சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. ரேங்க் பட்டியல் வரும்வரை என்ன செய்வது, கலைக் கல்லூரியில் பணம் கட்டி வைக்கலாமா?

கேள்வி இதுதான்: வீடு ஈரோடு மாவட்டம் கோபிசெட்டிபாளையம் பக்கம். தம்பி ஸ்டேட் போர்டு பிளஸ் டூவில் 600க்கு 498. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் ஐந்தாண்டு பி.ஏ., எல்எல்.பி.க்கு விண்ணப்பித்தாயிற்று. கோவை அரசு சட்டக் கல்லூரி கிடைக்குமா, பட்டியல் வரும்வரை சும்மா இருப்பதா, அதற்குள் பக்கத்துத் தனியார் கலைக் கல்லூரியில் முழு ஃபீஸையும் கட்டச் சொல்கிறார்களே, கட்டலாமா என்று அண்ணன் கேட்கிறார்.

கடைசிக் கேள்விதான் அவசரமானது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கட்டலாம். ஆனால் கட்டுவதற்கு முன்னால் அந்த ஆபீஸ் கவுண்டரில் ஒன்று கேளுங்கள்: "ஒரிஜினல் டி.சி. இப்பவே வேணுங்களா, இல்லை காலேஜ் திறந்ததும் கொடுத்தால் போதுமா?" பணத்தைவிட டி.சி.தான் இங்கே சிக்கல். கலைக் கல்லூரிகள் சீக்கிரமே திறந்துவிடும். பள்ளி டி.சி.யை வாங்கி ரெஜிஸ்டரில் ஏற்றிவிட்டால் அதே தாளைத் திருப்பித் தரமாட்டார்கள். அந்தக் கல்லூரியே புது டி.சி. எழுதித்தர வேண்டும். அதற்கு முன் லைப்ரரியில் ஒரு கையெழுத்து, துறைத் தலைவரிடம் ஒரு கையெழுத்து, அக்கவுண்ட்ஸில் ஒன்று, முதல்வர் ஊரில் இல்லை, திங்கட்கிழமை வாங்க. சட்டக் கல்லூரி ஒதுக்கீடு வந்தால் சேர்வதற்குக் கிடைப்பதோ சில நாட்கள். மார்க் இருந்தும் சீட் கைநழுவுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பணத்துக்கு விதி இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018 அக்டோபரில் போட்ட அறிவிப்பின்படி, அட்மிஷனுக்கு அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் முழு ஃபீஸ் திரும்ப வர வேண்டும். கடைசித் தேதிக்கு முந்தைய அந்த 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டி 15 நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50, அதற்குமேல் ஒன்றுமில்லை. முழுத் தொகை திரும்பும்போது பிராசசிங் என்று பிடிப்பது கட்டியதில் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய். ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. 2024-25க்கு இதைவிடத் தாராளமாக, செப்டம்பர் 30 வரை விலகினால் முழுத்தொகை என்று யுஜிசி தனியே சொன்னது. ஒவ்வோர் ஆண்டும் இப்படி ஒன்று வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விலகும்போது வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். ஒரு பக்கக் கடிதம், இரண்டு பிரதி. பெயர், பாடப்பிரிவு, ரசீது எண், கட்டிய தேதி, "அரசு சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்திருப்பதால் விலகுகிறேன், மாற்றுச் சான்றிதழும் கட்டணமும் திருப்பித் தரவும்". ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் ஆபீஸ் சீல், தேதி, கையெழுத்து. திரும்ப வருவது 100 சதவீதமா 50ஆ என்பதை அந்தத் தேதிதான் முடிவு செய்யும்.

கையில் மிச்சம் பிடிக்க நினைத்தால் அரசு கலைக் கல்லூரியில் போட்டு வைப்பது மேல். ஃபீஸ் குறைவு, போனாலும் வலிக்காது. எதுவானாலும் இரண்டிலும் பெயரை ஓட்டிக்கொண்டு போக முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு ரெகுலர் பட்டப்படிப்பு கூடாது என்பது சட்டப் படிப்புக்கு விதி போடும் இந்திய பார் கவுன்சிலின் 2008 விதி. பின்னாளில் வக்கீலாகப் பதிவு செய்யும்போது அது கிளம்பினால் சங்கடம்.

இனி, காத்திருக்கும் நாட்களில் செய்ய வேண்டிய நிஜமான வேலை: தாள்கள்.

முதலில் சாதிச் சான்றிதழ். அதை எடுத்துப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் பக்கத்தில் வையுங்கள். பெயரின் எழுத்து, இனிஷியல், அப்பா பெயர், மூன்றும் ஒன்றுபோல் இருக்கிறதா? மார்க் ஷீட்டில் கே. என்றும் சான்றிதழில் குப்புசாமி என்று முழுசாகவும் இருந்தால் பிரச்சினை இல்லை. ஒன்றில் கே., இன்னொன்றில் பி.கே. என்றிருந்தால் இப்போதே இ-சேவை மையத்தில் திருத்தத்துக்குப் போடுங்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ் என்று படியேறி இறங்கி வரணும். ஜூனில் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள்.

அடுத்து, விண்ணப்பத்தில் எந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பது. நம் பக்கத்தில் தவறு அதிகம் நடப்பது இதில். 'கவுண்டர்' என்ற பட்டப்பெயரை வைத்துப் பிரிவு போடக்கூடாது. கொங்கு வெள்ளாளர் பி.சி., வேட்டுவக் கவுண்டரும் குறும்பக் கவுண்டரும் எம்.பி.சி. அதேபோல் அருந்ததியர், சக்கிலியர், மாதாரி, பகடை, ஆதி ஆந்திரர், மாதிகா, தோட்டி ஆகிய ஏழும் எஸ்.சி.ஏ. (எஸ்.சி. அருந்ததியர்) பிரிவு. பிரவுசிங் சென்டர்காரர் பொதுவாக எஸ்.சி. என்று தட்டிவிட்டால், 2009 முதல் தனியாக இருக்கும் 3 சதவீதத்தின் பலன் போய்விடும். பிரிண்ட் எடுத்த விண்ணப்பத்தைச் சான்றிதழோடு வைத்து ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். தவறு இருந்தால் திருத்தம் கேட்டு உடனே பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள்; பட்டியல் வந்தபின் கேட்பதும் முன்னால் கேட்பதும் ஒன்றல்ல.

முதல் பட்டதாரிச் சான்று வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அண்ணனாகிய நீங்கள் டிகிரி முடித்தவர் என்றால் தம்பிக்குக் கிடையாது. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப்பிறந்தவர் யாருமே பட்டதாரியாக இருக்கக் கூடாது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அது கல்விக் கட்டணச் சலுகைக்கு மட்டும். ரேங்க்கை அது ஓர் இடம்கூட நகர்த்தாது. இதற்குத் தனி இடஒதுக்கீடு இருக்கிறது என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

தனி இடஒதுக்கீடு இருப்பது அரசுப் பள்ளி மாணவர்களுக்கு: 2021 சட்டப்படி 7.5 சதவீதம். பொதுவாக ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளி இதில் சேராது. நடுவில் ஒரு வருடம் எய்டட் பள்ளியில் படித்திருந்தாலும் போயிற்று. தகுதி இருந்தால் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எந்தெந்தப் பள்ளி என்று தலைமையாசிரியர் கையெழுத்திட்ட சான்று வேண்டும். இரண்டு பள்ளியில் படித்திருந்தால் இரண்டு சான்று. பள்ளி திறந்து எச்.எம். இருக்கையில் இருக்கும்போது வாங்குங்கள்.

மற்றவை: 10, 12 மார்க் ஷீட், டி.சி., நன்னடத்தைச் சான்று, ஆதார். வெளிமாநிலத்தில் படித்திருந்தால் இருப்பிடச் சான்று. வேறு போர்டு என்றால் மைக்ரேஷன் (இடப்பெயர்வுச்) சான்று. விடுதிக்கும் உதவித்தொகைக்கும் வருமானச் சான்று. ஒவ்வொன்றிலும் ஐந்து ஜெராக்ஸ். மொபைலில் எடுத்த படத்தைவிட ஸ்கேனரில் எடுத்த பி.டி.எஃப். ஒன்று தம்பியின் மெயிலில் இருக்கட்டும்.

இப்போது 498.

அது 83 சதவீதம். தகுதிக்குப் பொதுப்பிரிவுக்கே 45தான் வேண்டும். ஆகவே தகுதி என்ற கேள்வியே இல்லை, போட்டிதான் கேள்வி. இந்தப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். எந்தப் பாடங்களின் மார்க்கை எடுத்து எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது அந்த ஆண்டு விவரக் கையேட்டில் இருக்கும். காப்பி பேனாவோடு உட்கார்ந்து நீங்களே போட்டுப் பாருங்கள், பட்டியலில் வருவதோடு ஒத்துப்போக வேண்டும். சி.பி.எஸ்.இ. பிள்ளைகள் 500க்கு வாங்கியதை 600க்கு வாங்கியதோடு நேராக ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம், சதவீதமாக்கிப் பாருங்கள்.

போன வருடக் கட்ஆஃப் என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் திருப்பிக் கேளுங்கள்: எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, முதல் சுற்றா கடைசியில் மிஞ்சிய இடமா? இவை தெரியாத எண் உதவாது. இடங்கள் பிரிவது இப்படி: பொது 31, பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 15, எஸ்.சி.ஏ. 3, எஸ்.டி. 1 சதவீதம். பொதுப்பட்டியல் 31இல் எல்லோரும் போட்டியிடுவார்கள். அதில் வராதவர்தான் தம் பிரிவுக்கு இறங்குகிறார். ஆகவே தம்பியின் பெயர் இரண்டு பட்டியலில் இரண்டு எண்ணோடு இருக்கும். பயப்பட வேண்டாம், பிரிவுப் பட்டியலின் எண்ணைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

கல்லூரி வரிசை போடுவதில் ஒரு பழைய தப்பு தொடர்ந்து நடக்கிறது. "கோவைக்கு மார்க் பத்தாது, எதுக்கு வீணா, நாமக்கல்லை முதலில் போடு" என்பார்கள். இணையவழி ஒதுக்கீட்டில் ரேங்க் வரிசையில் ஒவ்வொருவரின் பட்டியலையும் மேலிருந்து பார்த்து, காலியாக இருக்கும் முதல் கல்லூரி தரப்படுகிறது. கோவையை மேலே போட்டு அது நிரம்பியிருந்தால் அடுத்ததற்குப் போகும், நஷ்டம் ஏதுமில்லை. நாமக்கல்லை மேலே போட்டால், கோவையில் இடம் இருந்தாலும் நாமக்கல்தான் கிடைக்கும். ஆசைப்பட்ட வரிசையில் போடுங்கள், ஆனால் ஒன்றையும் விடாதீர்கள். மருதமலை ரோட்டில் பாரதியார் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கோவைக் கல்லூரி, பிறகு 2019இல் வந்த சேலம், நாமக்கல், வரிசையில் அவற்றுக்குக் கீழே தர்மபுரி, திருச்சி, மதுரை, மற்றவை. நேர்க் கலந்தாய்வு என்று அறிவித்தால் திரையில் தெரியும் காலியிடத்தைப் பார்த்து நின்ற நிலையில் முடிவெடுக்கணும். அப்போதும் இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி சட்டைப் பையில் வைத்திருங்கள். கோபியிலிருந்து எந்தக் கல்லூரிக்கும் தினமும் பஸ்ஸில் போய்வருவது நடக்காது. எப்படியும் ரூமோ விடுதியோதான். அதனால் தூரத்தை மட்டும் வைத்து ஒரு கல்லூரியை அடிக்காதீர்கள். பவானி பக்கத்துக் கடப்பநல்லூரில் பிறந்து 2013இல் இந்தியத் தலைமை நீதிபதியான சதாசிவம் படித்த நாளில் கோவையில் சட்டக் கல்லூரியே கிடையாது, சென்னைக்குத்தான் போனார்.

ஒரு குறிப்பு: அதே பல்கலைக்கழகம் சென்னையில் நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளிக்கு விண்ணப்பம் தனி. அரசுக் கல்லூரிக்குப் போட்டதே அதற்கும் சேரும் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. திருச்சி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கோ கொச்சியிலுள்ளதற்கோ கிளாட் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு. அது முந்தைய டிசம்பரிலேயே நடந்து முடிந்திருக்கும்.

இந்த இடைவெளியில்தான் புரோக்கர் போன் வரும். அரசுக் கல்லூரி சீட்டை யாராலும் "பேசி" வாங்க முடியாது, ரேங்க் பட்டியல் எல்லோர் கண்ணுக்கும் எதிரே இருக்கிறது. இன்னொரு ரகம், பக்கத்து மாநிலத்தில் சேர்த்துவிடுகிறோம், மாதம் ஒருநாள் வந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்பார்கள். பார் கவுன்சில் விதியில் ஒவ்வொரு பாடத்துக்கும் 70 சதவீத வருகை வேண்டும். வராமல் வாங்கிய பட்டம் என்று தெரிந்தால் பதிவில் நிறுத்துவார்கள். மாமா, சித்தப்பா யார் சொன்னாலும் தாட்சண்யம் பார்க்காமல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஐந்தாண்டுக்குக் கிடைக்கவே இல்லை என்றால்? காலியிடச் சுற்று முடியும்வரை தளத்தைப் பாருங்கள். தனியார் வேண்டுமானால் சேலம் சென்ட்ரல் லா காலேஜ் போலப் பழையவை உண்டு. ஃபீஸையும் பார் கவுன்சில் அனுமதி அந்த ஆண்டுக்கு நடப்பில் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் மூன்று வருட டிகிரி, பிறகு மூன்று வருட எல்எல்.பி. மொத்தம் ஆறு, ஒரு வருடம்தான் கூடுதல். அப்படி நினைத்துக் கலைக் கல்லூரியில் சேர்ப்பதானால் இங்கிலீஷ் லிட்டரேச்சரோ அரசியல் அறிவியலோ எடுக்கச் சொல்லுங்கள். மூன்றாண்டுச் சேர்க்கைக்கு டிகிரி மார்க்தான் கணக்கு, அதனால் முதல் செமஸ்டரிலிருந்தே மார்க் முக்கியம்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், இன்றைக்கே பார்க்க வேண்டியது. விண்ணப்பத்தில் இருக்கும் மொபைல் நம்பர் யாருடையது? அவசரத்துக்குப் பிரவுசிங் சென்டர்காரர் தன் நம்பரையும் தன் மெயிலையும் போட்டுவிடுவது வழக்கமாக நடக்கிறது. அழைப்பும் ஓ.டி.பி.யும் அவருக்குப் போகும், அவர் கடை அன்றைக்கு லீவாக இருக்கும். உங்கள் நம்பர்தான் என்றால் ரீசார்ஜ் தேதியைப் பாருங்கள். வேலிடிட்டி முடிந்து கிடக்கும் சிம்முக்கு நாளாவட்டத்தில் மெசேஜ் வருவதும் நின்றுவிடும். எஸ்.எம்.எஸ்.ஸை மட்டும் நம்பாமல் காலையில் ஒருமுறை, மாலை ஆறு மணிக்கு மேல் ஒருமுறை பல்கலைக்கழகத் தளத்தின் அட்மிஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பாஸ்வேர்டைத் தம்பி மட்டுமல்லாமல் நீங்களும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.