சுரங்கக் கழிவில் தழைக்கும் புல்: கேள்வி பதில்

பெங்களூரு அன்பர்களின் கேள்விகளுக்குத் தாவரவியல் பேராசிரியர் ஒருவர் பதிலளிக்கிறார்.

அல்சூர் அன்பர்: செம்பு கலந்த மண்ணில் சில புற்கள் மட்டும் தழைப்பது எப்படி?

வேல்ஸ் நாட்டுப் பழைய சுரங்கங்களில் தாவரவியலாளர் டோனி பிராட்ஷாவும் அவருடைய மாணவர்களும் இதையே ஆராய்ந்தார்கள். அக்ராஸ்டிஸ் என்னும் மேய்ச்சல் புல்லைச் செம்பு கரைந்த நீரில் வேர்விட வைத்தால், வயல்வெளிப் புல்லின் வேர் குட்டையாகவே நின்றுவிடும். சுரங்கப் புல்லின் வேரோ நீண்டுகொண்டே போகும். வயல்வெளிப் புல்லின் விதைகளைச் செம்புக் கழிவில் தூவினால், ஆயிரத்தில் ஒரு சில பிழைக்கும். அந்தச் சிலவற்றின் வழித்தோன்றல்களே கழிவு மேட்டை நிரப்புகின்றன.

ஜெயநகர் அன்பர்: அப்படியானால் செடி மெல்லப் பழகிக்கொள்கிறது, அல்லவா?

இல்லை. பிழைப்பவை பிறக்கும்போதே தாங்குதிறனோடு பிறந்தவை.

கே.ஆர்.புரம் அன்பர்: ஏற்க முடியவில்லை, ஐயா. கோலார் தங்கவயலில் வேலை பார்த்த என் தாத்தா, புல் வருடா வருடம் பழகித்தான் மேட்டில் ஏறியது என்பார்.

தாத்தா கண்டது மெய். அவர் சொன்ன காரணத்தைத்தான் நான் மறுக்கிறேன். மாறியது தனிச்செடி அன்று, கூட்டம். சுரங்கப் புல்லின் விதையை நல்ல மண்ணில் முளைக்க வைத்தாலும், செம்பையே கண்டிராத அந்தச் செடியிலும் தாங்குதிறன் இருக்கிறது. பழக்கம் விதை வழியே இறங்காது, மரபணுதான் இறங்கும். பக்கத்து வயலிலிருந்து காற்று மகரந்தத்தைக் கொண்டுவந்து கலந்தாலும், தாங்காத நாற்றுகள் கழிவில் மடிந்துவிடுவதால், சில அடி தூரத்துக்குள்ளேயே இரு கூட்டங்களும் வேறுபட்டு நிற்கின்றன. சுரங்கப் புல் ஏறக்குறைய ஒரு வாரம் முந்திப் பூப்பதும் அந்தக் கலப்பைக் குறைக்கிறது. நல்ல மண்ணிலோ தாங்குதிறன் உள்ள புல் போட்டியில் தோற்கிறது. வயல்வெளியில் அது அரிதாக இருப்பதற்கு அதுவே காரணம்.

பெல்லந்தூர் அன்பர்: கழிவுநீர் கலக்கும் எங்கள் ஏரியின் கரைப் புல்லை மாட்டுக்குப் போடலாமா?

மண்ணையும் புல்லையும் ஆய்வகத்தில் சோதிக்காமல் போடாதீர்கள். பச்சையாக இருப்பதனாலேயே அது நஞ்சற்றது ஆகிவிடாது.

மாரத்தஹள்ளி அன்பர்: புல் நட்டால் மண் சுத்தமாகிவிடுமா?

ஆகாது. இப்புற்களில் பெரும்பாலானவை உலோகத்தை வேரிலேயே நிறுத்திவைப்பவை. புழுதி அடங்கும், மண் அரிப்பு குறையும். உலோகம் அங்கேயே இருக்கும்.

ஒயிட்ஃபீல்டு அன்பர்: வெட்டிவேர் நட்டாலுமா?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

பனசங்கரி அன்பர்: மாடித்தோட்டத்தில் தக்காளி இலை சுருள்கிறது.

தோட்டக்கலை அலுவலரைக் கேளுங்கள்.

தங்கவயல் அன்பர்: 2001இல் சுரங்கம் மூடியபின் சயனைடு மேட்டுப் (சயனைடு கொண்டு தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மேடு) புழுதியில்தான் வாழ்கிறோம். அங்கே எந்தப் புல்லை நடலாம்?

முதலில் அந்த மண்ணில் எந்தெந்த உலோகம் இருக்கிறது என்று அறிய வேண்டும். செம்பைத் தாங்கும் புல் ஈயத்தையும் தாங்கும் என்று நம்பக் கூடாது. அதனால்தான் பிரிட்டனில் ஈய, துத்தநாகக் கழிவுக்குக் கோகினான் என்றும் செம்புக் கழிவுக்குப் பேரிஸ் என்றும் தனித்தனி வகைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். கழிவில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகக் குறைவு என்பதால் உரமும் வேண்டும். அந்த மேட்டிலேயே தானாக வளர்ந்த புல்லிலிருந்து விதை சேகரியுங்கள். ஓரத்துப் புல்லில் வெளி மகரந்தம் கலந்திருக்கக்கூடும், ஆகவே மேட்டின் நடுவில் நிற்பதிலிருந்து எடுங்கள்.