நரியா, ஓநாயா?

கேள்வி: ஃபாக்லாந்து ஓநாய்னு ஒண்ணு இருந்துச்சாமே, அது நரியா ஓநாயா சார்?
(வாசகர், பெரம்பூர், சென்னை)

பதில்: ரெண்டுமே இல்லைங்க. அது தெற்கு அட்லாண்டிக் கடல்ல இருக்கற ஃபாக்லாந்து தீவுகள்ல வாழ்ந்த தென் அமெரிக்க நாய் வகையறா, அறிவியல் பேரு டுசிசியான் ஆஸ்ட்ராலிஸ். அடர்த்தியான முடி, நம்ம தெரு நாய் சிலதுக்கு இருக்குமே, அதே மாதிரி வால் நுனி மட்டும் வெள்ளை. 2009ல டிஎன்ஏ எடுத்துப் பாத்தப்போ, இப்ப உயிரோட இருக்கறதுல நெருங்கின சொந்தம் மேன்டு வுல்ஃப்ங்கற இன்னொரு தென் அமெரிக்க நாய் வகைதான்னு தெரிஞ்சுது, ஆனா அதுக்கு இருக்கற குச்சி மாதிரி நீளக் கால் இதுக்குக் கிடையாது. மனுஷங்களைக் கண்டா பயமே இல்லாததால, ஒரு கையில கறியைக் காட்டி இன்னொரு கையால கத்தியில குத்தியிருக்காங்க, டார்வினே எழுதியிருக்காரு, படிச்சப்போ மனசே கேக்கல. சீக்கிரமே அழிஞ்சிடும்னும் அவர் சொன்னாரு, 1876லயே போயிடுச்சுங்க.