மூணாறில் இருக்கிறோம். நாலு வயதுப் பிள்ளையோடு செய்ய எளிய குளிர்கால ஓவியம் சொல்ல முடியுமா?

மூணாறு என்பதால், முதலில் நிஜ உறைபனியைக் காட்டுங்கள் என்பேன். ஜனவரியில் வெப்பம் பூஜ்யத்தைத் தொடும் விடியலில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். வெயில் ஏறினால் போய்விடும். ஸ்வெட்டர், குல்லா போட்டுத் தூக்கிக்கொண்டு போய் ஒரு புல்லைத் தொடவிடுங்கள். பார்த்ததைத்தான் பிள்ளை ஆசையாக வரையும்.

அப்புறம் உப்பு ஓவியம். கருநீலச் சார்ட் தாளில் ஃபெவிகாலால் புல், மரம் என்று இஷ்டத்துக்குக் கோடு இழுக்கட்டும். ஈரம் காயும் முன் தூள் உப்பைத் தாராளமாகத் தூவி, தாளைச் சாய்த்து மிச்சத்தைத் தட்டிவிடுங்கள். ஒட்டிய உப்பு உறைபனி போலவே மினுங்கும். வெள்ளைத் தாள் என்றால், நீலம் கரைத்த தண்ணீரைத் தூரிகை நுனியால் உப்பில் தொட்டு வையுங்கள். உப்பு ஈரத்தை இழுப்பதால் நிறம் கோடு நெடுகத் தானே ஓடும். என் மகள் அந்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காகவே திரும்பத் திரும்பச் செய்வாள். குளிரில் பசை மெதுவாகத்தான் காயும். ராத்திரி முழுக்க அசைக்காமல் வையுங்கள்.

தாளில் பனிப்பூ வெட்டினால் ஆறு மடிப்பாக மடியுங்கள். பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் அறுகோணமாக அமைவதால் நிஜப் பனிப்பூவுக்கு ஆறு கைகள்தான். வெட்டுவது நீங்கள், பிரிப்பது பிள்ளை.