ஊசியையும் சேர்த்து அனுப்பினார்கள்

அன்புள்ள ஐயா,

வாயேஜர் விண்கலங்களில் வேற்றுக் கிரகத்தவருக்காக ஒலிப்பதிவு செய்து அனுப்பிய தங்கத்தட்டைப் பற்றி அண்மையில் படித்தேன். 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது, தமிழ் இல்லை. அது உறுத்துகிறது. செய்தி அலைவரிசைகளின் கூச்சலையும் அரசியல் சண்டைகளையும் செயற்கை நுண்ணறிவு எழுதிக் குவிப்பதையும் பார்த்தால், நம்மில் எதுதான் மிஞ்சும், மிஞ்சத்தான் வேண்டுமா என்று தோன்றுகிறது. அப்பா எழுதியவை, குடும்பப் படங்கள் எல்லாம் ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில் கிடக்கின்றன. அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. மனித குலம் விட்டுச்செல்வது என்று உண்மையில் ஏதாவது உண்டா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

விண்வெளி, அரசியல், மனித குலம் எல்லாவற்றுக்கும் நடுவே போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அப்பா எழுதியவை ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில் கிடக்கின்றன என்று. நான் அங்கேயே நின்றுவிட்டேன். கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் இது.

மற்றவற்றை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். தமிழ் இல்லாத வருத்தம் வேண்டாம். பேச ஆளில்லாத சுமேரியமும் அக்காடியமும் அந்தத் தட்டில் இருக்கின்றன. இடம் கிடைத்ததால் அவை உயிர்த்தெழவில்லை. செய்தி அலைவரிசையை அணைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவைப் பற்றி இன்னொரு நாள்.

தங்கத்தட்டில் வியக்க வேண்டியது வேறு. 1977இல் அனுப்பியது, 12 அங்குலச் செம்புத் தட்டு, தங்க முலாம். வாழ்த்தையும் இசையையும் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். அதை ஓட்டுவதற்கான ஊசியையும் அதைத் தாங்கும் கார்ட்ரிட்ஜையும் கூடவே வைத்தார்கள். நிமிடத்துக்கு 16⅔ சுற்று வேகத்தில் ஓட வேண்டும். வேற்றுக் கிரகத்தவருக்கு நம் நிமிடம் தெரியாதே! அதனால் ஹைட்ரஜன் அணுவின் நிலைமாற்றத்தோடு இணைந்த நேரத்தைக் கால அலகாக வைத்து, ஓட்டும் முறையை உறையில் படமாகச் செதுக்கினார்கள். எப்போது செய்தது என்று கண்டுபிடிக்க உறையிலேயே யுரேனியம்-238 பூச்சு. அதில் பாதி சிதையச் சுமார் 450 கோடி ஆண்டு ஆகும், எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று பார்த்தால் வயது தெரியும். கண்டெடுப்பவரிடம் எந்தக் கருவியும் இருக்காது, நம்மைப் பற்றி எதுவும் தெரியாது என்ற எண்ணத்தோடு வேலை செய்திருக்கிறார்கள்.

அந்த எண்ணம் இல்லாதபோது நடப்பதற்கு டூம்ஸ்டே சாட்சி. 1086இல் இங்கிலாந்தில் எடுத்த நிலக் கணக்குப் புத்தகம் அது. தோலில் எழுதியது, இன்றும் படிக்கலாம், லத்தீன் தெரிந்தால் போதும். அதன் 900ஆம் ஆண்டையொட்டி 1986இல் பிபிசி ஒரு நவீன டூம்ஸ்டேயை உருவாக்கியது. பள்ளிப் பிள்ளைகள் எழுதிய ஊர்க் குறிப்புகள், படங்கள், வரைபடங்கள் எல்லாம் லேசர் தட்டில். அதைப் படிக்கத் தனி ரகத் தட்டு இயக்கியும் பிபிசி மாஸ்டர் கணினியும் வேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்குள் ஓடும் கருவி கிடைப்பதே அரிதாகிவிட்டது. அந்தப் பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருள் எழுதித்தான் உள்ளடக்கத்தை மீட்டார்கள். நிலவில் மனிதன் முதன்முதலில் நடந்த காட்சியின் மூல நாடாக்கள் கதை இன்னும் மோசம். அவை துடைக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2009இல் நாசாவே சொன்னது. நாம் பார்ப்பது ஒளிபரப்புக்காக மாற்றிய, தரம் குறைந்த வடிவம்.

இனி உங்கள் ஹார்ட் டிஸ்க். மனித குலத்துக்காகப் பெருமூச்சு விட நேரமிருக்கிறது, ஒரு கேபிளைச் செருக நேரமில்லையா? ஓடாமல் கிடந்தாலும் அதன் சுழலும் பாகங்கள் பழுதாகும். பென் டிரைவும் எஸ்எஸ்டி என்ற சுழலாத டிஸ்கும் மின்னேற்றத்தில் தகவலை வைத்திருப்பவை. மின்சாரம் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் போட்டால் அது கசிந்துவிடும். எழுதும் சிடியில் இருப்பது சாயம், வெளிச்சமும் வெப்பமும் அதைக் கெடுக்கும்.

செருகியதும் படம் பார்க்க உட்காராதீர்கள். முதலில் மொத்தத்தையும் புது டிஸ்குக்குப் பிரதி எடுங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். பழுது நீக்கும் மென்பொருள் எதையும் அதில் ஓட்டவே கூடாது, இருப்பதும் போய்விடும். தரவு மீட்பவரிடம் கொடுப்பதுதான் வழி. பிரதி நல்லபடியாக வந்துவிட்டால் ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு ஒரு பட்டியலாக வையுங்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் அதற்கான கட்டளை உள்ளேயே இருக்கிறது. ஒரு பிட் மாறினாலும் அந்த எண் அடியோடு மாறும். இந்தப் பட்டியல் இல்லாவிட்டால், கெட்டுப்போன கோப்பையே அடுத்தடுத்த டிஸ்குக்கு நகலெடுத்துக்கொண்டிருப்பீர்கள், தெரியவும் தெரியாது.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்புச் சாதனம், ஒன்று வேறு வீட்டில். ‘கிளவுடில் சிங்க் ஆகிறது’ என்று எழுதிவிடாதீர்கள். சிங்க் என்பது பேக்கப் ஆகாது. இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழியும். ஆண்டுக்கு ஒருமுறை பட்டியலோடு ஒப்பிடுங்கள், ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை டிஸ்கை மாற்றுங்கள்.

அப்பா யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு முந்தைய எழுத்துருவில் அடித்திருந்தால் திறந்ததும் கிறுக்கலாகத் தெரியும். பயந்து அழித்துவிடாதீர்கள், பலர் அப்படித்தான் அழித்திருக்கிறார்கள். அந்த எழுத்துருவையும் தேடி எடுத்துக் கூடவே வையுங்கள். யூனிகோடுக்கு மாற்றிய பிரதி தனி, மூலம் தனி. மாற்றியதை ஒருமுறை மூலத்தோடு வைத்துப் படிக்கவும் வேண்டும், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். படங்களை உறவினரிடமிருந்து வாங்கும்போது அரட்டைச் செயலி வழியாக வேண்டாம். அளவைச் சுருக்கி, எடுத்த தேதியையும் உதிர்த்துவிடும். மூலக் கோப்பையே வாங்குங்கள். கோப்பின் பெயரை ஆண்டு-மாதம்-தேதி என்று தொடங்கினால் தானாக வரிசைப்படும். படத்தில் நிற்பவர் யார், யாருக்கு என்ன உறவு என்பதை வெறும் உரைக் கோப்பில் எழுதுங்கள். அதைச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களை உட்காரவைத்துக் கேட்க வேண்டிய வேலை இது. டிஸ்கை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம்.

ஊடகத்தைப் பற்றியும் புலம்பியிருந்தீர்கள். ஒரு தலைவர் பேசியது நாளை பக்கத்திலிருந்து காணாமல் போகும் என்று தோன்றினால் இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அந்த முகவரியைக் கொடுத்துச் சேமியுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அங்கே தேதியோடு நிற்கும்.

ஒன்று விட்டுப்போயிற்று. பாதுகாப்பு என்று அந்த டிஸ்குக்கு பாஸ்வேர்டு போட்டுக் குறியாக்கம் செய்தால், பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி, எந்த மென்பொருள் என்ற குறிப்போடு உறையில் போட்டு உங்கள் பிள்ளையிடம் கொடுங்கள். டிஸ்கோடு சேர்த்து வைக்காதீர்கள். எழுதும்போது பூஜ்யத்துக்கும் ஆங்கில ஓவுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும்.