மனைவி என்ன செய்துகொண்டிருந்தார்?

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணன் ஊரிலிருந்து போன் செய்து, ‘வீட்டில எல்லாரும் என்ன பண்றீங்க?’ என்று கேட்டார். ‘பையன் படிக்கிறான், பொண்ணு டிவி பாக்குறா, நான் பேப்பர் படிச்சிட்டிருக்கேன், அவ சும்மாதான் இருக்கா’ என்றேன். அன்றிலிருந்து மனைவி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பையன், பெண், நீங்கள், உங்கள் அண்ணன் வரை அந்த நேரத்தில் யார் என்ன செய்தார்கள் என்று கடிதத்தில் இருக்கிறது. உங்கள் மனைவி என்ன செய்துகொண்டிருந்தார் என்பது மட்டும் இல்லை. இன்றுவரை அது உங்களுக்குத் தெரியாது. அவர் கோபத்துக்குக் காரணம் அதுதான்.

உங்கள் வீட்டில் எப்படியோ, பெரும்பாலான வீடுகளில் ஞாயிறு சாயங்காலம் கிரைண்டரில் உளுந்து ஓடிக்கொண்டிருக்கும். அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. நடுநடுவே தண்ணீர் தெளித்து, ஓரத்தில் ஒட்டுவதைத் தள்ளிவிட வேண்டும். அதற்குள் மாடிக் கொடியில் காய்ந்த துணியை எடுத்து வந்து மடித்து, திங்கட்கிழமைக்கான யூனிபார்மைத் தனியே வைத்து, அடுப்பில் பால் பொங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹாலில் இருப்பவருக்கு இதில் எதுவும் தெரியாது.

மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், முந்தின நாள் அதிகாலை 4 மணியில் தொடங்கி 24 மணி நேரத்தையும் அரை மணி அரை மணியாகப் பிரித்து, என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். 2024 கணக்குப்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்குச் சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88. அந்த 88-உம் வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்களின் சராசரிதான். பிள்ளைகளையும் பெரியவர்களையும் கவனித்துக்கொள்ளும் நேரம் தனிக் கணக்கு.

கணவர் சவுதியில் சம்பாதித்த காலத்தில் இங்கே குடும்பத்தைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கு, அந்தப் பணத்தில் வாங்கிய சொத்தில் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்றத்துக்குத் தெரிந்த உழைப்பு, நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரியாமல் போகலாமா?

எனக்கு அதிகக் கவலை, நீங்கள் சொன்னதைப் பிள்ளைகள் இருவரும் கேட்டிருப்பார்கள் என்பதில்தான். அம்மாவின் வேலை கணக்கில் வராது என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

புடவை வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். பார்க்காமலே சொல்லிவிட்டேன் என்று, பிள்ளைகள் இருக்கும்போதே அவரிடம் நேரே சொல்லுங்கள். ஞாயிறு மாவு அரைப்பதை, அரிசி உளுந்து ஊறப்போடுவதிலிருந்து கிரைண்டரைக் கழுவித் துடைப்பது வரை, நீங்களும் பையனுமாக எடுத்துக்கொள்ளுங்கள்.