வாசகர் கேள்வி: அக்டோபர் கடைசியில கிரீட் தீவு ரிசார்ட்டுக்குப் போகலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. எங்களுக்கு கல்யாணமாகி 30 வருஷம் ஆகுது. பிள்ளைங்க சேர்ந்து கிரீஸ் நாட்டு கிரீட் தீவுக்கு அனுப்பி வைக்கிறோம்னு நிக்குதுங்க. கடலோரம் பெரிய அஞ்சு நட்சத்திர ரிசார்ட், அக்டோபர் கடைசி வாரம், ஏழு ராத்திரி, ஆகஸ்ட் விலையில பாதிதானாம். புரட்டாசி முடிஞ்சு தீபாவளிக்கு முன்ன வர்றதால எனக்கும் தோதுதான். ஆனா சீசன் முடிஞ்சு எல்லாம் மூடிக் கிடக்கும், குளிரும்னு வீட்டுக்காரரோட கூட்டாளி பயமுறுத்துறார். நான் சைவம், இவருக்கு முட்டி வலி. காசு கட்டலாமா?
வாசகி, பட்டர்வொர்த்

பதில்: கட்டுங்க தங்கச்சி, தாராளமா போயிட்டு வாங்க. ஆனா தேதிய மட்டும் ஒரு வாரம் முன்னுக்கு இழுக்கச் சொல்லுங்க, புரட்டாசி முடிஞ்ச கையோட கிளம்பிடுங்க. கிரீஸ் தீவுகள்ல கடற்கரை ரிசார்ட்டுங்க பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலயோ மே மாசமோ திறந்து அக்டோபர் கடைசியோட மூடிடும், அதுவும் ஒரே நாள்ல கதவ சாத்துறதில்ல, கொஞ்சங் கொஞ்சமாத்தான் அடங்கும். நான் போனப்போ கண்ணால பாத்தேன், காலையில பசியாறிட்டு வெளிய வந்தா கடற்கரையில ரெண்டு பேரு சாய்வு நாற்காலியெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி ட்ராக்டர்ல ஏத்திக்கிட்டு இருக்காங்க, மறுநாள் பாத்தா சின்ன நீச்சல் குளத்துல தண்ணியே இல்ல, இருக்கிற ரெஸ்டாரண்ட்டுல பெருசு ஒண்ணு மட்டும்தான் ஓடுது. விளம்பரத்துல நீங்க பாக்குறது ஆகஸ்ட் மாசப் படம். அதனால காசு கட்டுறதுக்கு முன்ன ஓட்டலுக்கே ஈமெயில் போட்டு, நாங்க இருக்கிற தேதியில எந்தெந்த ரெஸ்டாரண்ட் திறந்திருக்கும், எந்தக் குளம் ஓடும், அதுல தண்ணி சூடு பண்ணுவீங்களா, ரூம்ல ஹீட்டர் போடலாமான்னு கேட்டு எழுத்துல பதில் வாங்கிடுங்க. இத மட்டும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க.

குளிர நெனச்சு பயப்பட வேணாம். அக்டோபர்ல அங்க பகல் 23, 24 டிகிரி, ராத்திரி 17 கிட்ட வரும், ஒரு ஸ்வெட்டர் போதும். கடல் தண்ணியும் 23 டிகிரி போல இருக்கும், கோடை வெயில் முழுக்க வாங்கின சூடு தண்ணியில லேசுல இறங்காது. நம்ம பினாங்கு பத்து ஃபெரிங்கி கடல்ல குளிச்சுப் பழகினவங்களுக்கு முதல்ல உடம்பு சிலிர்க்கும், அஞ்சு நிமிஷத்துல சரியாயிடும். மழை ஒண்ணு ரெண்டு நாள் வரலாம். அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிடுவாங்க, அப்புறம் சாயங்காலம் அஞ்சரைக்கே சூரியன் இறங்கிடும். நான் ஒரு வாரம் முன்ன போங்கன்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அதவிட முக்கியம் ரிசார்ட் எந்த ஊர்ல இருக்குன்னு பாக்குறது. ஹெர்சோனிசோஸ், மாலியா பக்கம் எல்லாம் டூரிஸ்ட்ட நம்பித்தான் கடை, சீசன் முடிஞ்சா ஷட்டர் இறங்கிடும், கேட்ட தாண்டி வெளிய வந்தா போறதுக்கு இடமே இருக்காது. ரெதிம்னோ அப்படி இல்ல, கிரீட் பல்கலைக்கழகம் அங்க இருக்கு, அக்டோபர்ல மாணவருங்க திரும்பி வந்து ஊரே கலகலன்னு இருக்கும், காப்பிக்கடை, பேக்கரி, சின்னச் சின்ன சாப்பாட்டுக்கடை எல்லாம் உள்ளூர் ஆளுங்களுக்காகவே திறந்திருக்கும். ஊருக்குக் கிழக்கால நீளமான மணல் கரை, பெரிய ரிசார்ட்டுங்க வரிசையா அங்கதான், ரோட்டுக்கு வந்தா ஊருக்குள்ள பஸ் இருக்கு. பழைய வெனிஸ்காரங்க கட்டின துறைமுகம், மேல கோட்டை, சந்துக்குள்ள ரெண்டு பேரும் கைய கோத்துக்கிட்டு மெதுவா நடக்கலாம், ஆகஸ்ட் கூட்டத்துல இது நடக்காது. உங்களுக்கு ரிசார்ட்டவிட இதுதான் பிடிக்கும்னு எனக்கு உறுதியா தோணுது.

அதனாலதான் மூணு வேளையும் உள்ளயே சாப்பிடுற பேக்கேஜ் வேணாம்னு சொல்றேன், காலைப் பசியாறலும் ராத்திரி சாப்பாடும் மட்டும் எடுங்க. அதுல ராத்திரி குடிக்கிற தண்ணிக்கே தனியா பில் போடுற ஓட்டல் நிறைய உண்டு, கேட்டுக்கோங்க. சைவத்துக்கு கிரீட் மாதிரி ஊர் ஐரோப்பாவுல கிடைக்கிறது கஷ்டம், ஆலிவ் எண்ணெயில வேக வச்ச பெரிய வெள்ளை பீன்ஸ், மஞ்சள் பருப்பு மசியல், அரிசி அடைச்ச தக்காளியும் குடமிளகாயும், பார்லி ரஸ்க் மேல தக்காளி துருவி வெண்ணெய் மாதிரி சீஸ் போட்ட டாக்கோஸ், காலையில கெட்டித் தயிரும் தைம் தேனும். ஒண்ணு கவனம், அங்க விரத சாப்பாடுன்னு கேட்டா சோத்தோங்கும் (கணவாய்) இறாலும் வரும், அவங்க விரதத்துல அது சேத்தி. மீன், இறால், சோத்தோங் எதுவும் வேணாம் இறைச்சியும் வேணாம்னு பிரிச்சு சொல்லுங்க.

அவரு முட்டிக்கு, மெயின் கட்டடத்துக்குப் பக்கத்துல ரூம் குடுங்கன்னு இப்பவே எழுதிப் போடுங்க. பெரிய ரிசார்ட்டுல தனித்தனி பங்களா தோட்டத்துக்குள்ள தள்ளித் தள்ளி இருக்கும், சிலது மேட்டுல கட்டியிருக்கும், ஒவ்வொரு வேளைக்கும் ஏறி இறங்கணும். நடுக்குளம் தெரியுற காட்சியவிட இது முக்கியம்.

காசு விஷயம், ரூம் வாடகையில சேராத அரசாங்க வரி ஒண்ணு இருக்கு, அஞ்சு நட்சத்திரத்துக்கு அக்டோபர் வரைக்கும் ஒரு ராத்திரிக்கு ரூமுக்கு 15 யூரோ, ஏழு ராத்திரிக்கு 105 யூரோ அங்கயே கட்டணும், பிள்ளைங்ககிட்ட சொல்லி வைங்க. நம்ம மலேசிய பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் வரைக்கும் விசா வேணாம்.

கேள்வி: ஏப்ரல் ஆரம்பத்துல கிரீஸ் நாட்டு ரோட்ஸ் தீவுக்கு ஹனிமூன் போகலாமா? மலிவா கிடைக்குது. வாசகர், செந்தூல்

பதில்: கடல்ல குளிக்கத்தான் போறீங்கன்னா வேணாம் தம்பி, அப்போ தண்ணி 17 டிகிரிதான் இருக்கும், நம்ம உடம்பு தாங்காது. 2027-ல கிரீஸ்காரங்க கொண்டாடுற ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் மே 2, அதுக்குக் கிட்டதான் நிறைய ரிசார்ட் திறக்கும். பழைய கோட்டை நகரத்துக்குள்ள சின்ன ஓட்டல் எடுத்தா ஏப்ரல்லயும் நல்லா இருக்கும், கடற்கரை ரிசார்ட்டுதான் வேணும்னா மே நடுவுக்குத் தள்ளிப் போடுங்க.