பழைய லயத்தை (தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளை) போனில் படமெடுத்து முப்பரிமாண மாடலாக்கினால் அளவு நம்பும்படி வருமா?

வரும், அளக்கும் டேப்பும் கூட வந்தால். நான் இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன், கட்டட வரைபடம் போடுவது தொழில். எங்கள் லயத்தை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அதற்கு முன் அளந்து வைத்துவிடலாம் என்று போனோடு கிளம்பினேன்.

முதல் தடவை சிரிப்பாய்ச் சிரித்தது. வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, அதாவது அறை. இஸ்தோப்புக்கு (முன் திண்ணைக்கு) எதிரே இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தபடியே எடுத்துத் தள்ளினேன். படங்களை மாடலாக்கும் மெஷ்ரூம் மென்பொருளில் போட்டால் (இலவசம்தான், ஆனால் என்விடியா கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி வேண்டும்) பத்துக் காம்பராதான் வந்தது, அதுவும் வாழைக்காய் மாதிரி வளைந்து!

ஒரே புள்ளி பல படங்களில் எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்துத்தான் மென்பொருள் வடிவத்தைக் கணக்கிடுகிறது. எங்கள் லயத்திலோ கதவு, படி, தகரம் எல்லாம் ஒரே அச்சு. ஐந்தாம் காம்பராவை ஏழாம் காம்பரா என்று அது நினைத்ததில் தப்பில்லை, தபால்காரருக்கே குழம்பும். வளைவுக்குக் காரணம் நான். நேர்கோட்டில், நேருக்கு நேராக மட்டும் எடுத்தால் லென்ஸின் சின்னப் பிழை படத்துக்குப் படம் சேர்ந்துகொண்டே போகும்.

அடுத்த தடவை ஒவ்வொரு கதவு நிலையிலும் சாக்கட்டியால் எண் எழுதினேன். லயத்தை முழுச் சுற்றுச் சுற்றித் தொடங்கிய இடத்திலேயே முடித்தேன். சாய்வாகவும், கிட்டவும் எட்டவும் எடுத்தேன், ஒரு படத்தில் மூன்றில் இரண்டு பங்காவது அடுத்த படத்திலும் இருக்கும்படி. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் மென்பொருள் பிடித்துக்கொள்ள ஒன்றும் இராது, அங்கே பழைய பேப்பர் ஒட்டினேன். மப்பான வானம் நல்லது, மூடுபனி ஆகாது.

அளவு விஷயம்: படம் வடிவத்தைத்தான் சொல்லும், அடிக்கணக்கை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். ஆறடிக் கதவை வைத்துக் கொடுத்து அதில் ஓர் அங்குலம் பிசகினால், 120 அடி லயத்தில் 20 அங்குலம் போய்விடும். ஆகவே முனைக்கு முனை டேப் பிடியுங்கள். பிறகு வேறொரு நீளத்தை அளந்து மாடலோடு சரிபாருங்கள். லேசர் ஸ்கேனர் தூரத்தைத் தானே அளக்கும், ஆனால் அதன் விலை நமக்குச் சரிவராது.

இதெல்லாம் தொல்பொருள் திணைக்களத்தின் வேலையல்லவா என்று கேட்பீர்கள். 1940ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி புராதனச் சின்னம் என்றால் 1815 மார்ச் 2க்கு முந்தியது. கோப்பித் தோட்டங்களே அதற்குப் பிறகுதான் வந்தன. பிந்தியதைத் தனியாக அறிவித்தால்தான் உண்டு. லயத்தை யார் அறிவிக்கப் போகிறார்கள்?

மாடலைப் போனில் அம்மாயியிடம் காட்டினேன். விரலால் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாஞ் சரி, அடுப்படி எங்கடா?" என்றார். கரி பிடித்த சுவர், விளக்குப் போட்டும் மென்பொருளுக்குப் பிடிபடவில்லை. அடுப்படியை மட்டும் டேப்பால் அளந்து தாளில் வரைந்து வைத்திருக்கிறேன்.